அடிபடாமல் முறிந்த எலும்பு: கட்டுப் போட்டால் போதுமா?

வாசகர் கேள்வி, 4 மார்ச் 2023

அப்பாவுக்கு 67 வயது. ராத்திரி கட்டிலில் புரண்டு படுத்தார், 'டக்'கென்று சத்தம். வலது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே எலும்பு முறிந்துவிட்டது. விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். வயசானால் எலும்பு தேயத்தான் செய்யும், கட்டினால் தானாகக் கூடிவிடும் என்கிறார் மாமா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கால்சியம் மாத்திரையில் எது நல்லது?

பதில், 4 மார்ச் 2023, இரவு 11.20

கால்சியம் மாத்திரையை இப்போது வாங்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். காரணத்தை அப்புறம் எழுதுகிறேன்.

புரண்டு படுத்ததற்கெல்லாம் மேற்கை எலும்பு முறியாது. முறிந்தது என்றால் அந்த இடம் ஏற்கெனவே உளுத்துப் போயிருக்கிறது. எதனால் உளுத்தது என்று தெரியாமல் ஆறு வாரம் சும்மா இருக்காதீர்கள்.

நாங்கள் நான்கு வாரம் சும்மா இருந்தோம். 2021 தை மாதம். அம்மா அடிபம்பில் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போனார். குடம் கீழே விழுந்து உருண்டது; அம்மா விழவில்லை. நின்ற இடத்திலேயே வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, கை என் கை மாதிரியே இல்லையே" என்றார். அப்போது அவருக்கு 61. அக்கம்பக்கத்து நர்சிங் ஹோமில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடுவதற்காக ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

5 மார்ச் 2023, காலை

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். எக்ஸ்ரே ஃபிலிம் உங்கள் கையில் இருக்கிறதா? ரிப்போர்ட் தாள் போதாது, படம் வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது வாரம் வலி குறையாமல் கூடியது. குறிப்பாக ராத்திரியில். மதுரையில் வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் புதிதாக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. பழைய ஃபிலிமை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அந்த விளக்குப் பெட்டிகூட அவருக்குத் தேவைப்படவில்லை. பேனா மூடியால் முறிந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். நல்ல எலும்பு முறிந்தால் ஓரம் கூர்மையாக, குச்சி ஒடிந்த மாதிரி இருக்குமாம். அம்மாவின் எலும்பு ஓரத்தில் விளிம்பே இல்லை. செல்லரித்த புத்தகத் தாள் போல, சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாகக் கரைந்து கிடந்தது. முறிவுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, முறியாத இடத்திலும் ஒரு வட்டக் கறுப்பு. அது முதல் நாளிலேயே அந்தப் படத்தில் இருந்திருக்கிறது.

அவர் கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றியது அல்ல. "கொஞ்ச நாளா ரொம்ப அசதியா இருக்காம்மா? முதுகு வலி எத்தனை மாசமா?"

5 மார்ச் 2023, மதியம்

என்னென்ன டெஸ்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன். முழு ரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர். (ரத்த அணுக்கள் படியும் வேகம்), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கால்சியம், அல்புமின், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, தைராய்டு, பாராதைராய்டு ஹார்மோன், மஜ்ஜைப் புற்றைத் தேடும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ், ஃப்ரீ லைட் செயின். ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) சேரும். பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும். அப்புறம் நெஞ்சு, வயிறு, இடுப்பு சி.டி. முறிந்த எலும்பை மட்டும் எடுத்தால் பத்தாது, அந்த எலும்பின் மேல் மூட்டிலிருந்து கீழ் மூட்டு வரை எக்ஸ்ரே வேண்டும்.

எலும்புக்குப் பரவும் புற்றுநோய்களில் முன்னால் நிற்பவை ஐந்து: மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு. எலும்பு மஜ்ஜையிலேயே தொடங்கும் புற்று மல்டிபிள் மைலோமா. அம்மாவுக்கு இருந்தது மைலோமா. ஹீமோகுளோபின் 8.1, ஈ.எஸ்.ஆர். 120-ஐத் தாண்டியது. சத்துக்குறைவு என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

6 மார்ச் 2023

கால்சியம் விஷயம். எலும்பு அரிக்கப்படும்போது அதிலிருக்கும் கால்சியம் ரத்தத்துக்கு வந்துவிடும். அம்மாவுக்கு 12.8 இருந்தது. பத்தரையைத் தாண்டினாலே கூடுதல். ஓயாமல் தாகம், மலச்சிக்கல், பசியே இல்லை, பகலெல்லாம் தூக்கம். ஒரு நாள் என்னைப் பார்த்து எங்கள் பெரியம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். வயசு, கவலை, கை வலி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நானோ தினமும் இரண்டு கால்சியம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். சலைன் ஏற்றி, எலும்பு அரிப்பை அடக்கும் ஜோலட்ரானிக் ஆசிட் ஊசி போட்ட மூன்றாம் நாள் என் பேரைச் சரியாகச் சொல்லி, காபி கேட்டார்.

இன்னொன்று. முதுகு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கி ஏழெட்டு மாதம் போட்டிருக்கிறார். மைலோமா இருப்பவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிரியாட்டினின் 1.9 ஆனதற்கு நோய் பாதி, மாத்திரை பாதி என்றார் டாக்டர். அப்பாவுக்கு இப்போது வலிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று உடனே பாருங்கள். காரணம் தெரியும்வரை பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாங்க முடியாத வலி என்றால் மார்பின் வகை மாத்திரைகளுக்குப் பயப்பட வேண்டாம், அம்மா மூன்று வாரம் சாப்பிட்டார்.

9 மார்ச் 2023

அறுவை சிகிச்சை பற்றி நிறையப் பேர் கேட்டதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சாதாரண முறிவில் மருத்துவர் எலும்பை நேராக்கிப் பிடித்து வைக்கிறார், எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்கிறது. கட்டு, பிளேட், ராடு எல்லாமே அதுவரை தாங்கும் முட்டுக்கொடுப்புதான். நோயால் உளுத்த எலும்பில் ஒட்டும் வேலையே சந்தேகம். அதனால் வைக்கும் உலோகம் முதல் நாளிலிருந்து எடையைத் தாங்க வேண்டும், அந்த மனிதர் வாழும் காலம் முழுவதும் தாங்க வேண்டும். இதனால்தான் பெரும்பாலும் எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் மேலிருந்து கீழ்வரை நீளமான ராடு செலுத்தி இரு முனையிலும் ஸ்குரூ போடுகிறார்கள். சின்ன பிளேட் போட்டால், நாளைக்கு அந்த பிளேட்டுக்குக் கீழே புதிதாக ஓர் இடம் அரித்தால் மறுபடி முறியும். ஓட்டை பெரிதாக இருந்தால் உள்ளே சுரண்டிவிட்டு எலும்பு சிமென்ட் நிரப்புகிறார்கள். தொடை எலும்பின் தலையோ கழுத்தோ அரித்திருந்தால் ராடு வைத்துப் பயனில்லை, அந்தப் பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு.

ஆனால் ராடு வைப்பதற்கு முன்னால் ஒரு தடுப்புச்சுவர் இருக்கிறது, தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். உடம்பில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரிப்பு, வேறு புற்றுநோய் எதுவும் தெரியவில்லை என்றால், பயாப்ஸி செய்து (துணுக்கு எடுத்துப் பரிசோதித்து) நோயின் பெயர் தெரியாமல் கம்பியை உள்ளே விடக் கூடாது. அது எலும்பிலேயே பிறந்த சார்கோமா என்கிற புற்றாக இருந்துவிட்டால், அந்தக் கம்பி புற்று அணுக்களை எலும்பு நெடுகத் தள்ளிவிடும். கையையோ காலையோ காப்பாற்றும் வாய்ப்பு அதோடு போகலாம். அம்மாவுக்கு ரத்தமும் மஜ்ஜைப் பரிசோதனையும் முன்பே பதில் சொல்லிவிட்டதால் நேராக ராடு வைத்தார்கள். அப்போதும் உள்ளே எடுத்த துணுக்குகளைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

தையல் காய்ந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து, ஐந்து நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். முறிந்த இடத்துக்கு மட்டும் அல்ல, ராடு இருக்கும் நீளம் முழுவதற்கும். வலிக்கு மட்டும் என்றால் பலருக்கு ஒரே தடவையில் 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்து முடித்துவிடுகிறார்கள். தினமும் பஸ் ஏறி வர முடியாதவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

9 மார்ச் 2023, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். நோய் எலும்பு கூடவே கூடாது என்கிற மாதிரி எழுதிவிட்டேன், அது தப்பு. நோயைப் பொறுத்தது. 1983-இல் 129 முறிவுகளைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் மைலோமாவில் மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது. சிறுநீரகப் புற்றில் 44 சதவீதம், மார்பகப் புற்றில் 37 சதவீதம். நுரையீரல் புற்றில் ஒன்றுகூடக் கூடவில்லை. அது நாற்பது வருடத்துக்கு முந்தைய கணக்கு. இப்போது இருக்கும் மருந்துகள் பல அப்போது இல்லை. அம்மாவுக்குக் கூடியது. பின்னால் சொல்கிறேன்.

14 மார்ச் 2023

முறிந்த எலும்பைவிட முறியாத எலும்பு பற்றித்தான் எனக்கு அதிகம் எழுத ஆசை.

அம்மா கைக்காகப் படுத்திருந்தபோது அந்த மருத்துவர் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னார். இடது தொடை எலும்பின் மேல்பகுதியில், இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு பெரிய ஓட்டை. அம்மா அந்தக் காலில்தான் நடந்து பாத்ரூம் போய் வந்துகொண்டிருந்தார். நடக்கும்போது லேசாக வலிக்கிறது என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. "கை செலவே இவ்வளவு, இதுல காலும் வலிக்குதுன்னு எப்படிச் சொல்ல" என்றார்.

மருத்துவர் மெடிக்கல் பில்லைத் திருப்பிப் போட்டு அதன் பின்புறம் கணக்குப் போட்டார். மிரல்ஸ் என்பவர் 1989-இல் சொன்ன கணக்காம். நான்கு விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். இடம்: கை என்றால் 1, கால் என்றால் 2, தொடை எலும்பின் மேல்முனை என்றால் 3. வலி: லேசு 1, நடுத்தரம் 2, காலை ஊன்றினாலே வலி என்றால் 3. படத்தில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தால் 1, கலவை 2, கறுப்பாக அரித்திருந்தால் 3. எலும்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை 2, அதற்கு மேல் 3. ஏழும் அதற்குக் கீழும் என்றால் கரண்ட் வைத்துக் கவனிக்கலாம். எட்டு என்றால் யோசிக்க வேண்டும். ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் முறிவதற்கு முன்பே ராடு.

அம்மாவுக்கு 3, 2, 3, 2. பத்து.

முறியாத காலை எதற்கு அறுக்க வேண்டும் என்று சித்தப்பா சண்டைக்கே வந்தார். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். முறிந்த பிறகு செய்தால் ரத்த இழப்பு கூடுதல், படுக்கை கூடுதல், திரும்ப நடப்பது கஷ்டம், முன்னாலேயே செய்தால் நாளைக்கே நிற்க வைக்கிறேன் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மா வாக்கரைப் பிடித்து நின்றார். வலது கை அப்போது முழுசாகச் சரியாகவில்லை. அதனால் அந்தப் பக்கம் முழங்கையை ஊன்றிக்கொள்கிற மாதிரி ஒரு வாக்கர் கொடுத்தார்கள். அந்த பில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

15 மார்ச் 2023

சின்னத் திருத்தம். மிரல்ஸ் கணக்கு கை, கால் நீள எலும்புகளுக்குத்தான். முதுகெலும்புக்குப் பொருந்தாது. முதுகெலும்பில் நோய் இருந்து, கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, அது அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். கேள்வி எதுவும் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

18 மார்ச் 2023

எல்லாரையும் புற்றுநோய் என்று பயமுறுத்துகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். வயதானவர்கள் லேசாக விழுந்து மணிக்கட்டு, இடுப்பு, முதுகெலும்பு, தோள்மூட்டுப் பக்கம் முறிந்தால் பெரும்பாலும் அது ஆஸ்டியோபொரோசிஸ் என்கிற எலும்புத் தேய்மானம்தான். அதுவும் நோய்தான், அதற்கும் மருந்து உண்டு. எங்கள் பாட்டிக்கு இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள், தேய்மானத்துக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. ஒன்றரை வருடத்தில் அடுத்த இடுப்பு. என்னைச் சந்தேகப்பட வைப்பது இடம்: கை எலும்பின் நட்ட நடு, விழாமலே முறிவு, முறிவதற்கு முன்பே பல வாரமாக அதே இடத்தில் ராத்திரி வலி.

22 மார்ச் 2023

புத்தூர் கட்டு போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். என் தம்பி பன்னிரண்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்தான், நாட்டு வைத்தியர்தான் முட்டை வெள்ளைக்கரு பூசித் துணி சுற்றி மூங்கில் தப்பை கட்டினார், கை கூடிவிட்டது. ஆனால் அது பன்னிரண்டு வயதுப் பையனின் நல்ல எலும்பு, அதன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. உளுத்த எலும்பை எண்ணெய் தேய்த்து நீவுவதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. அம்மாவுக்கும் அத்தை ஒருவரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். அந்த வைத்தியர் கையை ஒரு தடவை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என் வேலை இல்லம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். தட்சணையும் வாங்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் மதுரைக்கே கிளம்பினோம்.

2 ஏப்ரல் 2023

கேள்வி கேட்டவரின் பதிலைப் பார்த்தேன். எலக்ட்ரோபோரெசிஸில் மைலோமாவுக்கான அடையாளம் ஒன்றும் இல்லை, வயிற்று சி.டி.யில் வலது சிறுநீரகத்தில் கட்டி. எனக்கு இரண்டு நாள் எழுதவே வரவில்லை. இத்தனை நாளும் அம்மாவுக்கு நடந்ததை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிறுநீரகத்திலிருந்து எலும்புக்கு வந்தது என்றால் இரண்டு விஷயம் மாறுகிறது. ஒன்று, அந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் கொத்துக் கொத்தாக இருக்கும், கத்தி வைத்தால் கொட்டும். அதனால் ஆபரேஷனுக்கு முந்தின நாளோ அன்றைக்கோ, குழாய் விட்டு அந்த ரத்தக் குழாய்களை அடைத்துவிட்டு அப்புறம் செய்வார்கள். எம்போலைசேஷன் என்பார்கள். தைராய்டிலிருந்து வந்ததற்கும் இதே முறைதான். இந்த வசதி இருக்கும் இடமா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது, பரவியது அந்த ஓர் இடம் மட்டும்தான் என்றால் ராடோடு நிறுத்தாமல் அந்த எலும்புத் துண்டையே முழுசாக எடுத்துவிட்டுச் செயற்கை எலும்பு பொருத்தலாமா என்று யோசிப்பார்கள். எலும்புப் புற்று அறுவை சிகிச்சை நிபுணரும் புற்று மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது அது. மாவுக்கட்டை இப்போது அவிழ்க்க வேண்டாம், கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டே கூட்டிப் போங்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் மறைத்தோம், அம்மா மருந்துச் சீட்டைப் படித்து அவராகவே தெரிந்துகொண்டார். முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

19 ஏப்ரல் 2023

எலும்பு ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது, அப்போ மைலோமா இல்லைதானே என்று இன்னொருவர். அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஸ்கேன் எலும்பு புதிதாகக் கட்டும் வேலை நடக்கும் இடத்தைக் காட்டுவது. மைலோமா அரிக்க மட்டும் செய்யும், கட்டும் செல்களை அமுக்கிவிடும். அதனால் ஓட்டை இருந்தும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் சி.டி. இதில் ஒன்று வேண்டும்.

6 மே 2023

எலும்பைப் பலப்படுத்தும் ஊசி. அம்மாவுக்கு ஜோலட்ரானிக் ஆசிட் மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. வழக்கமான அளவு 4 மில்லிகிராம். சிறுநீரகம் சரியில்லை என்றால் குறைப்பார்கள். போடுவதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி, ஆடும் பல்லை எடுத்து, ஈறு ஆறிய பிறகே தொடங்க வேண்டும். ஊசி ஓடும் காலத்தில் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிய ஆரம்பிக்கும் ஆபத்து இருக்கிறது. அப்படியானால் அம்மாவுக்கு ஏன் பல் பார்க்காமல் முதல் ஊசி போட்டார்கள் என்று 6 மார்ச் குறிப்பைப் படித்த ஒருவர் சரியாகவே பிடித்திருக்கிறார். கால்சியம் அந்த உயரத்தில் இருந்தபோது காத்திருக்க நேரம் இல்லை. இரண்டாவது ஊசிக்கு முன்னால் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து, ஆறு வாரம் பொறுத்துத் தொடர்ந்தார்கள்.

11 ஜூன் 2023

பக்கத்து வீட்டுப் பையன், ஒன்பது வயது, கிரிக்கெட் பந்து எறிந்ததில் தோளுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அந்த வீட்டம்மா இந்த இழையைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வந்தார். படத்தைப் பார்த்தால் எலும்புக்குள் முட்டை வடிவில் ஒரு வெற்றிடம், அதன் அடியில் சிறு எலும்புச் சில்லு கிடந்தது. நீர் நிறைந்த கட்டி அது. உடைந்த சில்லு நீருக்குள் மூழ்கி அடியில் போய்த் தங்கியிருக்கிறது, அது நல்ல அடையாளம் என்று மருத்துவர் சொன்னாராம். புற்று இல்லை. குழந்தைகளுக்கு வருவது. கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு வைத்தார்கள், முறிவு கூடிவிட்டது. கட்டி மறையவில்லை, கண்காணிக்கிறார்கள். எந்த வயது, எந்த நோய் என்பதைப் பொறுத்துச் சிகிச்சை எவ்வளவு மாறுகிறது என்று அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

27 ஆகஸ்ட் 2023

எலும்பு அரிப்பை அடக்கும் டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் கவனத்துக்கு. தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 60 மில்லிகிராம். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த அரிப்பு ஒரேயடியாக எழும்பி, முதுகெலும்புகள் வரிசையாக நசுங்கலாம். 2020 ஊரடங்கில் என் தோழியின் அம்மா இப்படி ஊசியைத் தவறவிட்டார், மூன்று எலும்பு நசுங்கியது. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அதற்குப் பதில் வேறு மருந்து தொடங்கிவிட்டு நிறுத்த வேண்டும்.

21 ஜனவரி 2024

கேள்வி கேட்டவர் தனிச் செய்தியில் எழுதியிருந்தார், இங்கே போடச் சொன்னார். அப்பாவுக்கு அந்த எலும்புத் துண்டை எடுத்துச் செயற்கை எலும்பு வைத்துப் பத்து மாதம் ஆகப் போகிறது. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. சாப்பிடுகிறார், சட்டை பித்தான் போடுகிறார், சைக்கிள் மட்டும் கூடாது. மாத்திரை ஓடுகிறது.

அம்மாவுக்கு மருந்தில் நோய் அடங்கியிருக்கிறது. மைலோமா மருந்தான லெனாலிடோமைட் மட்டும் தொடர்கிறது. போன வாரம் கை எக்ஸ்ரே. அந்தக் கறுப்புப் புள்ளிகள் இருந்த இடத்தில் ராடைச் சுற்றி வெள்ளையாக எலும்பு மூடியிருக்கிறது. மருத்துவர் இந்தப் படத்தையும் ஜன்னலில்தான் பிடித்துப் பார்த்தார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இனி குடம் தூக்கலாமா சார்?" அவர் யோசித்து, "அரைக் குடம்" என்றார். வரும் வழியில் பாத்திரக் கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மா ஒரு சின்னக் குடம் வாங்கினார். முழுசாக நிரப்பினாலும் அரைக் குடம்தான் பிடிக்கும் என்கிறார்.